அஸிபி தொடாத எண்ணெய்

தமாலே ஊரில் அஸிபியின் முற்றத்துக்கு எண்ணெய் விற்கப் போகிறவளுக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சுரைக்குடுக்கையை இறக்கிய கையோடு அஸிபி அதன் மேல் குனிந்து மோந்து பார்ப்பாள். நிமிர்ந்ததும், விற்க வந்தவளையும் மோந்து பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. ஷியா மரக் கொட்டையில் எடுக்கிற ஷியா வெண்ணெய் மஞ்சளாக இருந்தால், "எதை மறைக்க இந்த வேர்ச்சாயம் போட்டே?" என்பாள். வெள்ளையாக இருந்தால், "இதோட நிறம் எங்கடி போச்சு?" என்பாள். ஒரு துளியை நெருப்பில் விட்டுப் படபடவென்று வெடிக்கிறதா என்று பார்ப்பாள். வெடித்தால் தண்ணீர் கலப்பு. வெடிக்காவிட்டால் வேறு ஏதோ கலப்பு, அவ்வளவுதான்.

இத்தனையும் மகள் வும்பினிக்காக. அந்தக் குழந்தையின் தோல் பிறந்ததிலிருந்தே வறண்ட தோல். ஹர்மட்டான் என்கிற வறண்ட குளிர்காற்று புழுதியை வாரிக்கொண்டு இறங்கிவிட்டால் முழங்கையும் கணுக்காலும் பாளம் பாளமாக வெடித்து ரத்தம் கசியும். குழந்தை கைப்பிள்ளையாக இருந்தபோது சந்தையில் ஒருத்தி இனிக்க இனிக்கப் பேசி ஒரு வாசனைக் களிம்பைக் கொடுத்தாள். அஸிபி நம்பி வாங்கித் தடவினாள். தோலை வெளுக்கவைக்கும் மருந்து எதையோ அதில் கலந்திருந்தார்கள். தோளில் தோல் உரிந்து, பிள்ளை வீறிட்டு அழுதது. வெளிறிய தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. விற்றவள் மேல் அஸிபிக்கு இருக்கிற கோபத்தைவிட நம்பிய தன் மேல் இருக்கிற கோபம் பெரிது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் உடம்பை எண்ணெயோடு வேறு ஒரு கை தொட்டதில்லை. பெற்ற அப்பன் கைகூட.

எனவே மகளுக்கான களிம்பை அஸிபியே தயாரிப்பாள். ஷியா வெண்ணெயை உருக்கி, துணியில் வடிகட்டி, சொட்டு சொட்டாக வேப்பெண்ணெய் விட்டு, ஆறுகிற வரை மரக்கரண்டியால் அடிப்பாள். முதலில் தன் முழங்கை மடிப்பில் தடவி, அடுத்த சந்தைநாள் வரை காத்திருப்பாள். தடிக்கவில்லை, அரிக்கவில்லை என்றால்தான் மகளுக்கு.

இதில் ஒரே ஒரு சிக்கல். குளிர் மாதத்தில் ஷியா இறுகிப்போகும். அழுத்தித் தேய்க்க வேண்டும், தேய்த்தால் வெடிப்பு எரியும், பிள்ளை அலறும். இளக்கம் கொடுக்க இன்னோர் எண்ணெய் தேவை. அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் அஸிபிக்குப் பாதி ஆயுள் போய்விடும். பவோபாப் விதை எண்ணெய் விற்கிறவள் கடலையெண்ணெய் கலக்கிறாள் என்று சந்தேகம். கடலையெண்ணெய் விற்கிறவள் ஏற்கெனவே பொரித்த எண்ணெயை விற்கிறாள் என்று சந்தேகம். பனங்கொட்டை எண்ணெயில் கருகல் வாடை, அதை யார் எதற்குக் கருக்கினார்களோ.

இந்த லட்சணத்தில்தான் அவள் புருஷன் இஸ்ஸஹாக்கு, வள்ளிக்கிழங்கு லாரி ஓட்டிக் கடற்கரைக்குப் போகிறவன், மழைக்காலத்தில் அங்கிருந்து இரண்டாவது மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெயர் எஃபுவா. வயது குறைவு, சிரிப்பு அதிகம். அஸிபிக்கு அந்தச் சிரிப்பின் மேலேயே சந்தேகம்.

காற்று மாறிய வாரம், வும்பினியின் அலறலைக் கேட்டுவிட்டு எஃபுவா ஒரு போத்தலோடு வந்து நின்றாள். தண்ணீர் மாதிரித் தெளிந்த எண்ணெய்.

"அக்கா, தேங்காயெண்ணெய். எங்கம்மா கையால காய்ச்சினது. இதைக் கொஞ்சம் கலந்து பாருங்க, வழுக்கிட்டுப் போகும். பிள்ளைக்கு எரியாது."

"உங்கம்மா காய்ச்சினப்ப நான் பக்கத்துல இருந்தேனா?"

"நான் இருந்தேனே அக்கா."

"அதான் யோசனையா இருக்கு."

எஃபுவா அதற்கும் சிரித்தாள். அஸிபி போத்தலை வாங்கி, வாயைத் துணியால் மூடி, சிவப்பு நூலால் சுற்றி, தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போட்டு, பானைகளின் மேல் வைத்தாள். வாங்காமல் இருந்தால் புருஷன் வந்து கேட்பான். வாங்கியதாலேயே தடவிவிட வேண்டும் என்று சட்டமா என்ன?

ஆனால் வும்பினியின் கணுக்கால் வெடிப்பு அகலமாகிக்கொண்டே போனது. இறுகிய களிம்போடு அம்மா வருவதைப் பார்த்தாலே பிள்ளை ஓடி ஒளிந்துகொண்டது. பெற்ற மகள் தன்னைக் கண்டு ஓடுவதை அஸிபியால் தாங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கையில் தடவிப் பார்ப்போமே என்று, ஒரு விடியற்காலை அந்தப் போத்தலை எடுத்தாள்.

முற்றத்தில் பல் கிட்டிக்கிற குளிர். நூல் அவிழவில்லை, முடிச்சு அவள் போட்டதேதான். உள்ளே எண்ணெயைக் காணோம். வெள்ளையாக, கட்டியாக ஏதோ இருந்தது. முடிச்சை அவிழ்த்துக் கவிழ்த்தாள், அசையவில்லை.

"ரஹினத்து! ஓடி வாடி!" என்று கத்தினாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி ரஹினத்துவுக்குக் கால் வேகம், வாய் அதைவிட வேகம். போத்தலைக் கையில் வாங்காமலே எட்டிப் பார்த்தாள்.

"மெழுகுவத்திதான்! சந்தேகமே வேணாம். மெழுகை உருக்கி ஊத்தியிருக்கா, ஆறினதும் காட்டிக்கொடுத்திருச்சு."

"நெசமாவா?"

"திரி போட்டுப் பார்த்தாத் தெரிஞ்சிடப் போகுது."

அஸிபி கத்தி முனையால் கொஞ்சம் தோண்டி ஒரு சாசரில் வைத்தாள். ரஹினத்து நூலைத் திரித்து அதில் செருகிப் பற்றவைத்தாள். நின்று நிதானமாக எரிந்தது.

"எரியுது பாத்தியா! மெழுகேதான்!"

எந்த எண்ணெயில் திரி போட்டாலும் எரியும் என்பது அந்த நேரத்தில் அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சத்தம் கேட்டு எஃபுவா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சாசரைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது.

"என் பிள்ளை புண்ணுல மெழுகைப் பூச வந்தியாடி?" என்றாள் அஸிபி.

"இது எங்கம்மா எண்ணெய் இல்ல. அது கல்லாகி நான் பார்த்ததே இல்ல. எங்க ஊர்ல பொறந்ததுலேருந்து பார்த்ததில்ல." எஃபுவா பின்னால் நகர்ந்தாள். "நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்க. சிவப்பு நூல் சுத்தி முடிச்சுப் போட்டீங்களே, அன்னைக்கே எனக்குச் சரியாப் படல. எதுக்கு முடிச்சு? என்ன ஓதினீங்க?"

"நான் ஓதினேனா!"

"எண்ணெயைக் கல்லாக்கினவங்க நாளைக்கு என்னையும் கல்லாக்குவீங்க. நான் போறேன், எங்கம்மாகிட்ட போறேன்."

மூட்டை கட்ட அவளுக்கு நேரமாகவில்லை. கொண்டுவந்ததே கொஞ்சம்தான். வும்பினி அவள் பின்னாலேயே வாசல்வரை நொண்டிக்கொண்டு போனது. அஸிபி பிள்ளையை இழுத்துக்கொண்டாள். ரஹினத்து, "பீடை ஒழிஞ்சுது," என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போனாள். இனி இந்தக் கதை ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

அஸிபி சோளக்கஞ்சி காய்ச்சி இறக்கிவிட்டு வந்தபோது வெயில் மதில்மேல் ஏறியிருந்தது. காலையில் அவள் மதில்மேல் வைத்துவிட்டுப் போன போத்தலில் தெளிந்த எண்ணெய் தளதளவென்று நின்றது. முதலில் தோன்றியது என்ன தெரியுமா? போகிற போக்கில் போத்தலை மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள் கள்ளி! ஆனால் போத்தலின் கழுத்தில் அவளுடைய சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மதிலடி நிழலில் சாசர் அப்படியே கிடந்தது, கருகிய திரியும் வெள்ளைக் கட்டியுமாக.

அஸிபி குந்தினாள். காலையிலிருந்து அதைப் பார்த்தாள், மோந்தாள், கத்தியால் குத்தினாள், கொளுத்தினாள். விரலால் மட்டும் தொடவில்லை. பயம். இப்போது தொட்டாள்.

விரல் பட்ட இடம் உருகியது. மெழுகு இப்படி உருகாது. ஷியா இப்படித்தான் உருகும். பிறந்ததிலிருந்து ஷியாவிலேயே ஊறிய கை அவளுடையது. குளிரில் இறுகி உடம்புச் சூட்டில் இளகுவது என்ன என்று அந்தக் கைக்குத் தெரியாதா? ஒரு விரல் நீட்டியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். வெட்கத்தில் அவளுக்கு முகம் கொதித்தது. அன்றைக்குக் களிம்பு விற்றுத் தன்னை ஏமாற்றியவளை ஊர் முன்னால் கேட்க முடியாமல் போனதை, ஏமாற்றாத ஒரு பெண்ணிடம் கேட்டுத் தீர்த்திருக்கிறாள்.

பிள்ளையை முதுகில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு, போத்தலை இடுப்பில் செருகி, சாசரை மேல்துணியால் வெயில் படாமல் மூடி, லாரி நிலையத்துக்கு ஓடினாள்.

தெற்கே போகும் வண்டி ஆள் சேராமல் நின்றிருந்தது. ஜன்னலோரம் எஃபுவா, கண் வீங்கி.

"கிட்ட வராதீங்க! அதை எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"தொட்டுப் பாரு."

"மாட்டேன். முதல்ல நீங்க தொடுங்க."

நியாயம்தான். அஸிபி கட்டியில் கொஞ்சம் வழித்துத் தன் கன்னத்தில் அப்பினாள். அது இளகி வழிந்தது. வண்டியிலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"குளிருக்கு உறைஞ்சிருக்கு எஃபுவா, நம்ம ஷியா மாதிரியே. உங்க கடற்கரையில இந்தக் குளிர் இல்ல, அதான் நீ பார்த்ததில்ல. நீயும் ஒண்ணும் பண்ணல, நானும் ஒண்ணும் பண்ணல. நான் தொட்டுப் பார்க்காம உன்மேல பழி போட்டுட்டேன். தப்பு என்னுது."

எஃபுவா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பாதி வழியில் நிறுத்தினாள். பிறகு தொட்டாள். விரலைத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் நன்றாக மோந்து பார்த்தாள், அஸிபி மோப்பது போலவே.

"எங்கம்மா எண்ணெய்தான்," என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. "அக்கா, நாளைக்கு உப்பு கூடினாலும் நான் விஷம் வச்சேன்னுதானே சொல்வீங்க? முடிச்சுப் போட்டு மூடி வைக்கிற வீட்டுல நான் எப்படி இருக்கிறது?"

இனிமேல் சந்தேகப்பட மாட்டேன் என்று சொன்னால் அது பொய். அஸிபி முதுகுத் துணியை அவிழ்த்து, வண்டிக்குள் ஏறி, வும்பினியைத் தூக்கி எஃபுவாவின் மடியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் போத்தலை வைத்தாள்.

"கணுக்கால்லேருந்து ஆரம்பி," என்றாள்.

எஃபுவா எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடாக்கி, வெடிப்பின் மேல் மெல்ல வைத்தாள். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறத் தயாரானது. எரியவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. எஃபுவா முழங்கைக்கு வந்தபோது, வும்பினி திடீரென்று ஏதோ நினைவு வந்ததுபோல் எண்ணெய் பட்ட கையை அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டியது.

"அம்மா, நீ இன்னும் மோந்து பாக்கலையே."

"வேண்டாம்," என்றாள் அஸிபி. "சித்தி தேய்க்கட்டும்."

எஃபுவா தேய்த்துக்கொண்டே, மேலே இருக்கிற தன் மூட்டையை இறக்கச் சொல்லி வண்டிக்காரனைக் கூப்பிட்டாள்.