முன்னால் வந்த இழுப்பு

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நேரம் முதற்கொண்டு எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. போன மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல்.

நல்லம்பள்ளி தாண்டி ஒரு தனியார் ஆய்வுக்கூடம். நான் அங்கே ஷிப்ட் பொறுப்பாளர். அப்பாவும் அம்மாவும் ஜல்லி உடைத்த கூலியில் படித்தவன். பேய் பிசாசுக்கெல்லாம் எங்கள் வீட்டில் நேரம் இருந்ததில்லை.

எங்கள் இயந்திரம் ஒரு இரும்பு வளையம். உள்ளே பிளாஸ்மா, சூரியனில் இருக்கிற மாதிரி நெருப்பு, அரை நொடி எரியும். சுவரில் படாமல் அதை அந்தரத்தில் பிடித்திருப்பது காந்தம்தான். நெருப்பு வலப்பக்கம் நெளிந்தால் சென்சார் சொல்லும். உடனே கம்ப்யூட்டர் காந்தத்தை வைத்து இடப்பக்கம் இழுக்கும். அந்த புரோகிராமை எழுதியவன் குரு. இருபத்தாறு வயது. அது வேலை செய்கிறது என்ற அறிக்கையில் என் கையெழுத்தும் வேண்டும். பொய்யென்றால் என் வேலையும் போகும்.

மணி 2.40. நெளிவுக்கு மூன்று மில்லிசெகண்ட் முன்பே இழுப்பு பதிவானது.

அடி விழுமுன் கை எப்படித் தடுக்கும்? நெளிவு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். முன்கூட்டித் தெரிய வழியே இல்லை.

"குரு, ரீடிங்க மாத்தினியா?"

"சத்தியமா இல்லீங்கண்ணா."

3.15. நாற்பது மில்லிசெகண்ட் முன்பு.

3.50. நெருப்பு இன்னும் பற்றவே இல்லை... அதற்குள் இழுத்துவிட்டது.

"எனக்கே காது குத்தறியா? கல்லு ஒடைக்கறவன் மவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சியா?"

"எனக்கே பயமா இருக்குதுங்கண்ணா. இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கலாங்க."

"வூட்டுக்குப் போ. நாளைக்கு வராத."

அவன் ஹெல்மெட்டை எடுத்தான். 4.05க்கு பைக் சத்தம் கேட்டது.

4.10. வளையம் காலி. நெருப்பு இல்லை. பட்டனை யாரும் தொடவில்லை. அறையில் நான் மட்டும்.

ம்ம்ம்ம்...

காந்தம்.

இடப்பக்கம் இழுத்தது. நின்றது.

மறுபடி. இன்னும் பலமாக.

மூன்றாவது... மேசை அதிர்ந்தது. திரையில் சிவப்பு எழுத்து. இழுப்பு போதவில்லை.

அப்புறம் சத்தமே இல்லை.

4.32க்கு தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று குருவைப் பின்னாலிருந்து அடித்தது. அங்கேயே போய்விட்டான்.

காரியத்துக்குப் போய்த் திரும்பும்போது அந்த இடத்து டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் அருள்ராணி நேரில் பார்த்தவர்.

"லாரி நடுரோட்டுலதாங்க வந்துச்சு. அதுக்கு முன்னாலயே அந்தத் தம்பி வண்டி, யாரோ புடிச்சு இழுத்தாப்புல, எடது ஓரத்துக்கு வந்துச்சு. ஒருக்கா இல்ல, மூணு வாட்டி. மூணு வாட்டியும் அவருதாங்க ஹேண்டில் பார முறுக்கி மறுபடி நடுவுக்குக் கொண்டாந்தாரு."