உயிரோடு வந்த பொத்தான்

ஐந்தாம் வகுப்பு பாதியில் நின்றவன் நான். நின்றவன் என்னென்ன செய்தான் என்று கேளுங்கள். சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பழைய பித்தளை வாங்கினேன். பிள்ளையார்பாளையம் முனையில் நாலு தகரத்தை நட்டுக் காயலாங்கடை போட்டேன். மழையில் இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை கான்கிரீட்டில் எழுப்பினேன், இன்னும் நிற்குது. எங்கள் காலனியில் முதல் மாடி வீடு என்னுடையது. மூன்று பெண்களும் காலேஜ் படித்தார்கள். நெசவுக்காரர் தெருவில் தறி இருக்கிற அறை வரைக்கும் போய் உட்கார்ந்து காபி குடித்த முதல் காலனிக்காரனும் நான்தான். எதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. இது எல்லாவற்றையும் விடப் பெரிசு ஒன்று இருக்குது. வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில் சிப்பாய்களின் சட்டையில் தைத்த, உள்ளே திசைகாட்டி ஒளித்து வைத்த பித்தளைப் பொத்தான் ஒன்பது சேர்த்தேன்.

சேர்த்தோம் என்றுதான் எழுத வேண்டும். நானும் என் நெசவுக்கார நண்பரும்.

யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் போன மிலிட்டரி கோட்டுகளை இந்தப் பக்கத்துக் காவல்காரர்களும் லாரிக்காரர்களும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். துணி கந்தலாகிப் போன பிறகு பொத்தான் மட்டும் என் கடைக்கு வரும். பித்தளையோடு பித்தளையாகப் போட்டு உருக்க அனுப்பிவிடுவேன். ஒரு நாள் தறிக்கு ஏதோ இரும்புத் துண்டு தேடி வந்தார் அவர். சும்மா இருக்காமல் குவியலிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துத் திருகிக்கொண்டே பேசினார். இடதுகைக்காரர். உலகம் ஒரு பக்கம் திருகினால் அவர் கை வேறு பக்கம் திருகும். பொத்தானின் தலை கையோடு கழன்று வந்துவிட்டது. உள்ளே பருப்பளவு வட்டம், நடுவில் ஒரு முள்.

"என்னப்பா கடைக்காரரே, வாட்ச்சைக் கூட உருக்கிடுறியா?" என்றார்.

அவர் மகள் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். எதிரியிடம் பிடிபட்ட சிப்பாய் தப்பித்து வழி கண்டுபிடிக்கத்தான் இது. சந்தேகப்பட்டுத் திருகிப் பார்க்கிறவனுக்கு இன்னும் இறுகட்டும் என்று மரையைத் தலைகீழாக வெட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு இதே வேலை. நான் தேடிக் கொண்டுவருவேன், அவர் திறப்பார். எட்டு கிடைத்தது. எட்டும் செத்தவை. ஒன்றில் துரு, ஒன்றில் முள்ளே இல்லை.

"உயிரோட ஒண்ணு கொண்டா, பார்த்துட்டுப் போறேன்" என்பார்.

"எங்க போற? தறியில இருக்கிற சேலையை இன்னும் முடிச்சு அறுக்கலியே" என்பேன்.

ஒன்பதாவது தென்னேரியிலிருந்து வந்தது. ஒரு அம்மா, தன் தாத்தா ஏரிக் காவலுக்குப் போட்டுக்கொண்ட கோட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து போட்டாள். அதில் ஒரு பொத்தானைக் கடையில் கிடந்த சாதாரணத் திசைகாட்டி பக்கத்தில் வைத்தேன். அந்தத் திசைகாட்டியின் முள் துள்ளி விலகியது. உள்ளே இருப்பதற்கு உயிர் இருக்குது.

அப்போது அவர் ஆஸ்பத்திரியில். பக்கவாதம், இடது பக்கம் முழுக்க. மகள் போனைக் காதில் வைத்தாள். ஒன்பதாவது கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன், உயிர் இருக்கிறதை நேரில் காட்டலாம் என்று வைத்துக்கொண்டேன். குழறிக் குழறிச் சொன்னார்: "திறக்காத. நான் வந்து திறக்கறேன்."

சரி என்றேன்.

மறுநாள் கடைக்கு இரண்டு வியாபாரிகள் வந்தார்கள். பெருமைக்குக் காட்டினேன். "திறந்து காட்டுங்களேன்" என்றார்கள். முதல் பொத்தானிலிருந்தே திறந்தவர் அவர் என்பது எனக்குள் ஒரு முள்ளாக இருந்தது. இது என் கையால் திறக்கட்டுமே என்று தோன்றிவிட்டது. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று தெரியும், திருகினேன். களிம்பேறி இறுகிக் கிடந்தது. மரை இறுகினால் காயலாங்கடையில் நாங்கள் செய்வது ஒன்றுதான். கேஸ் தீயில் காட்டினேன். சிவக்கிற வரைக்கும் காட்டினேன்.

திறந்தது. உள்ளே கருகியிருந்தது. முள் அது கிடந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. காந்தத்துக்கு நெருப்பு ஆகாது என்று வியாபாரிகளில் ஒருவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவர் டீ குடித்தார்.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று எடுத்துக்கொண்டு போனேன். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். வலது உள்ளங்கையில் வைத்தேன். பார்த்தார். கையை மெள்ளத் தெருப் பக்கம் திருப்பினார், பிறகு சுவர்ப் பக்கம்.

"காட்டுதுபா" என்றார். "கை எங்க திரும்புதோ அங்கல்லாம் வடக்குங்குது."

பாதி வாயால் சிரித்தார். "நீ திறந்தியா?"

"தானா கழண்டுது. வந்தப்பவே செத்துத்தான் இருந்தது" என்றேன்.

நம்பினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "விடு. அடுத்தது வரும். அதுக்குள்ள இந்தக் கையைப் பழக்கிடறேன்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டி, விரலை மடக்கி மடக்கி நீட்டினார். பதினோரு நாள் இருந்தார். தினமும் போனேன். அந்தப் பதினோரு நாளும் விரலை மடக்கிக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அவர் மகள் ஒன்பது பொத்தான்களையும் ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். போய்ப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சேகரித்தவர் என்று அவர் பெயர் மட்டும். ஒன்பதாவதன் கீழே, 'கிடைக்கும்போதே பழுதாகி இருந்தது' என்று போட்டிருக்குது. அவர் சொன்னதை அவள் எழுதியிருக்கிறாள். அவர் சொன்னது நான் சொன்னது.

அவர் பெற்ற மகளே, அம்மா, உனக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்த அட்டையை மாற்று. குவியலைக் கிளறித் தேடிக் கொண்டுவந்தவன் நான், என் பெயர் அங்கே வர வேண்டும். யாருக்காகவும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். எட்டுப் பொத்தான்களுக்கு அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுது. ஒன்பதாவதுக்கு என் பெயரை மட்டும் தனியாக எழுது. உயிரோடு வந்தது, உன் அப்பா பார்க்கும் முன்னால் இவன் தீயில் காட்டிக் கொன்றான் என்று எழுது. பெரிய எழுத்தில் போடு. என்னைப் போல் படிக்காதவனும் நின்று படிக்க முடிய வேண்டும்.