கால்தோ என்றால் 'ஹொட்' இல்லை

ஜெயம் கிற்றாரைக் கொண்டுவந்து என் மேசையில் போட்ட வேகத்தில், நான் கழற்றி வைத்திருந்த திருகாணிகள் எல்லாம் நிலத்தில் சிதறின.

"அண்ணை, உந்தப் பிக்கப்பைக் கழட்டுங்கோ. உது என்ரை குடும்பத்தைப் பிரிச்சுப்போடும்."

இந்த இத்தாலிய நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் கிற்றார் திருத்தும் அறை ஒன்று வைத்திருக்கிறேன். கழுத்து உடைந்த கிற்றார் வரும், வயர் அறுந்த கிற்றார் வரும். குடும்பம் பிரிக்கிற கிற்றார் வந்தது அன்றைக்குத்தான். குனிந்து திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டே விசாரித்தேன்.

ஜெயம் பகலில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. மனைவி மதிக்கு ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியன் அம்மா ஒருவரின், வீட்டில் வேலை. சனி ஞாயிறுகளில் நம் ஆட்களின் கலியாண வீடுகளில் மதி பாடுவார், ஜெயம் வாசிப்பார். போன சனிக்கிழமை ரயில் ஸ்தாசியோனேக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் கலியாணம். ஜெயம் புதிதாக வாங்கிய ஹம்பக்கர் பிக்கப்பைத் தானே பூட்டிக்கொண்டு போய் வாசித்திருக்கிறார். மதி பாடியது மாப்பிள்ளைக்கும் கேட்கவில்லை, பொம்பிளைக்கும் கேட்கவில்லை. மேடையை விட்டு இறங்கிய மதி, வாற ஞாயிறு ஒரேத்தோப் பக்கம் நடக்கிற கலியாணத்தில் கீபோர்ட்காரரோடு மட்டும்தான் பாடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"கீபோர்ட்காரர் வடிவான ஆளோ?" என்று கேட்டேன்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. நான் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை."

குசினியில் வேலை செய்கிறவர் சாப்பிடவில்லை என்றால் விஷயம் பெரிதுதான். கிற்றாரைத் திறந்தேன். பிக்கப் என்பது கிற்றார்க் கம்பியின் அதிர்வைப் பிடித்து அம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற காந்தச் சாமான்; ஹம்பக்கர் என்றால் அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பிச் சுருள். ஒன்றில் வரும் இரைச்சலை மற்றது அடக்கிவிடும். அதில் கம்பிச் சுற்றுக் கூடக் கூட அவுட்புட் கூடும், சத்தம் தடிக்கும். ஜெயம் பூட்டியிருந்தது செராமிக் காந்தம் வைத்து, சுற்றோ சுற்றென்று சுற்றிய சாமான். தலையை ஆட்டி ஆட்டி ரொக் வாசிக்கிற ஆட்களுக்கு உரியது. கலியாண வீட்டில் மெல்லிசைக்கு இது என்னத்துக்கு?

"ஆர் ஐசே உமக்கு உதை வாங்கச் சொன்னது?"

"நீங்கள்தான்!"

"நானோ?"

"ஓம். பாட்டுக்காரருக்குப் பக்கத்தில வாசிக்கிறதெண்டால் சவுண்ட் கால்தோவா இருக்கவேணும் எண்டு சொன்னனீங்கள். கால்தோ எண்டால் சூடு. வெப்சைட்டில 'ஹொட்', 'வெரி ஹொட்' எண்டு ரெண்டு கிடந்தது. மதிக்காக எண்டு நான் வெரி ஹொட்டாவே எடுத்தன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தாலியன் இசைக்காரர் கால்தோ என்று சொன்னால், கதகதப்பான, உருண்டையான, காதில் குத்தாத சத்தம். பிக்கப் விற்கிற இங்கிலீசில் ஹொட் என்றால் அவுட்புட் அதிகம், அம்ப்ளிஃபையரைப் போட்டு உதைக்கும் என்று அர்த்தம். மனுசன் இத்தாலியனில் புறப்பட்டு, தமிழில் மாறி ஏறி, இங்கிலீசில் போய் இறங்கியிருக்கிறார். இறங்கிய இடம் நேரெதிர்.

"வீட்டில வாசிச்சுப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். தேன் மாதிரி இருந்தது. ஆனா மெல்லமாத்தான் வைச்சனான். இல்லாட்டிக் கீழ்வீட்டு சிஞ்ஞோரா தும்புத்தடியால சீலிங்கில இடிப்பா."

அங்கேதான் அவர் இரண்டாம் தரமும் ஏமாந்தார். மெல்ல வைத்தால் தடித்த சத்தம் காதுக்கு இதமாகத்தான் இருக்கும். மண்டபத்து வொலியூமுக்கு ஏற்றினால் அதே தடிப்பு நடுவில் ஊதிப்போய், பாடுகிற குரல் நிற்க வேண்டிய இடத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடும். எந்தச் சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அந்தச் சத்தத்தில் சோதிக்க வேண்டும்.

முதலில் பிக்கப்பின் பக்கத் திருகாணிகளைத் திருகி, கம்பிகளில் இருந்து தள்ளி இறக்கிப் பார்த்தேன். கொஞ்சம் அடங்கியது, போதவில்லை. பிறகு அதைக் கழற்றிவிட்டு, மேசை லாச்சியில் கிடந்த, சுற்றுக் குறைந்த அல்னிகோக் காந்த ஹம்பக்கர் ஒன்றைப் பூட்டினேன். கால்தோ என்றால் அது கால்தோ.

"மதியையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"அவ வரமாட்டா, அண்ணை."

"நான் கூப்பிட்டனான் எண்டு சொல்லும்."

மதி வேலை முடிந்து, பல்லாரோவில் வாங்கிய மரக்கறிப் பையோடு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணை, இவருக்கு மாத்தவேண்டியது பிக்கப்பில்லை, கை."

அம்ப்ளிஃபையரை மண்டப அளவுக்கு ஏற்றினேன். கிற்றாரின் வொலியூமைப் பாதியில் வைத்தேன். ஜெயத்தின் சுண்டுவிரல் பழக்கதோஷத்தில் உடனே அதைக் கூட்டப் போனது. "கையை எடும்!" என்று நானும் மதியும் ஒன்றாகக் கத்தினோம். பாவம், வாசிக்கத் தொடங்கினார்.

மதி பையைப் பிடித்தபடியே பாடினார். சரணத்தில் ஒரு வரியின் முடிவைச் சத்தமே இல்லாமல் இழைத்து, ஒரு சின்ன வளைவு வளைத்து விட்டார். ஜெயத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னப்பா, நிப்பாட்டிப்போட்டியள்?"

"உந்த இடம்... கடைசியில இப்பிடி வளைக்கிறது... எப்ப பழகினனீர்?"

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இப்பிடித்தான் பாடுறன்."

ஜெயம் குனிந்து கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மதி மரக்கறிப் பையை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, "சரி, முதல்ல இருந்து வாசியுங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரேத்தோவில் மதி ஜெயத்தோடுதான் பாடினார். வொலியூம் பாதியை விட்டு அசையவில்லையாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிக்கப் கேட்டு வருகிறவரிடம் ஹொட்டா, கால்தோவா என்று தொடங்காதீர்கள். பக்கத்தில் நின்று பாடுவது யார், அவர் பாட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேளுங்கள். பதில் தெரியாமல் முழிக்கிறவருக்கு நான் எதையும் பூட்டிக் கொடுப்பதில்லை. முதலில் போய் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வாரும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.