பாரத்தில் இல்லாத கேள்வி

1

அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த முதல் வாரம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசி, பாரத்தை நிரப்பி, லேபுக்கு அனுப்புவது என் வேலை. இண்டூரிலிருந்து மாதேஷ் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். நல்லம்பள்ளியில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வீட்டில் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பளைங்களோட பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?"

"ஒருத்தர்கூட இல்லைங்க மேடம்."

"ரத்தம் ஏத்துனது, ஊசி போட்டுக்கிட்டது?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்குங்க டெஸ்ட்டு? பயப்படாம வீட்டுக்குப் போங்க."

எழுந்தவர் கதவருகே சற்று நின்றார். பிறகு தலையைக் குனிந்தபடி போய்விட்டார். ஒருவருக்கு நிம்மதி கொடுத்த திருப்தியில் நான் டீ குடிக்கப் போனேன்.

2

எட்டு மாதம் கழித்து அவர் வந்தபோது அடையாளமே தெரியவில்லை. விடாத காய்ச்சலில் உடம்பு பாதியாகியிருந்தது. டெஸ்ட் பாசிட்டிவ்.

"அன்னைக்கு நான் பொய் சொல்லலைங்க. நீங்க பொம்பளைங்களப் பத்தித்தான் கேட்டீங்க. எனக்கு ஆம்பளைங்களோடதான் பழக்கம். அதை நானா எப்படிங்க சொல்றது? வெளிய ஓ.பி. வரிசைல எங்க சித்தப்பா வேற நின்னுட்டிருந்தாரு."

"தப்பு எம்மேலதாங்க" என்றேன். அழுததும் நான்தான். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த வாரமே எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பித்தோம். பெண் வீட்டுக்கு அவரே போய், கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். "வூட்டுல அம்மா பேசறதில்லைங்க. ஆனா மாத்திரை நேரத்துக்கு சோறு மட்டும் வந்துடுது" என்றார்.

3

உடம்பு தேறியதும் அவர் ஒரு யோசனை சொன்னார்.

"எங்காளுங்க நெறைய பேரு இருக்காங்க மேடம். பாதிப் பேருக்குக் கல்யாணமும் ஆயிடுச்சு. உங்க போர்டைப் பார்த்தாலே திரும்பிப் போயிடுவாங்க. நீங்க ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க. வண்டி பார்க்க வர்ற மாதிரி வருவாங்க."

மேலதிகாரியிடம் அனுமதி கேட்டேன்.

"டிராக்டர் ஷெட்ல கேம்ப்பா? ரிப்போர்ட்ல இடம்னு என்னம்மா போடுவே?"

"ஷெட்டுன்னே போடறேன் சார்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்துகூட ஒருவர் டூவீலரில் வந்திருந்தார். பின்னறையில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். "பழக்கம் ஆம்பளைங்களோடயா, பொம்பளைங்களோடயா, ரெண்டு பேரோடயுமா? எதுன்னாலும் இந்த அறையைத் தாண்டாதுங்க."

அங்கேயே எடுத்த டெஸ்ட்டில் எட்டுப் பேருக்கு நெகட்டிவ். பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்குப் பாசிட்டிவ். அவர் உடைந்து போய், மாதேஷைக் கூப்பிடச் சொன்னார். மாதேஷ் பக்கத்தில் உட்கார்ந்து தன் மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார்.

"தெனம் ஒண்ணு. அவ்வளவுதான். உனக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுச்சு. நான் எந்த நெலமைல போய் நின்னேன் தெரியுமா?"

பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் மறுநாளே மாத்திரைக்கு வந்தார். அடுத்த வாரம் மனைவியையும் டெஸ்ட்டுக்கு அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு நெகட்டிவ்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வருகிறவர் மறைக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் சொல்லும்படி நீங்கள் கேட்டீர்களா என்று முதலில் பாருங்கள். கேட்கும்போது முகம் மாறக் கூடாது.

போன வாரம் மாதேஷின் ரிப்போர்ட் வந்தது. வைரஸ், டெஸ்ட்டில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"தொப்பை போட்டுடுச்சுங்க மேடம், அதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்குதுங்களா?" என்றார்.