பாலத்தடி டப்பா

நிலா செக்கச்செவேலென்று சிவந்த அந்த அபூர்வ கிரகணத்தைக் கொண்டாட, சலவைக்கடைக்காரியின் கணவர் பாலத்துக்கடியில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடக்குறிப்பை இணையத்தில் போட்டிருந்தார். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளேயிருக்கும் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டு, டப்பாவை அங்கேயே வைத்துவிட வேண்டும். பைத்தியக்கார விளையாட்டு என்று அவள் தலையிலடித்துக்கொள்வாள்.

அவர் மாரடைப்பில் போய் எட்டு மாதம் கழித்து, ஒரு பிற்பகலில் கொழுந்தனோடு அதை எடுத்துவரப் போனாள். நோட்டைப் புரட்டினாள். போன மாதம் யாரோ எழுதியிருந்தார்கள்: "வழி காட்டிய நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரருக்கு நன்றி." அதற்கு அடுத்த வாரம் வேறொரு கையெழுத்து: "பாக்கெட் பக்கம் சட்டை கருகியிருந்த ஐயாதான் இடத்தைக் காட்டினார்."

அந்தக் கருகல் அவளுடைய இஸ்திரிப் பெட்டி போட்டது. அதே சட்டையை உடுத்தித்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

"அண்ணி, டப்பாவைக் குடுங்க, கிளம்பலாம்," என்றான் கொழுந்தன். அவன் முகம் வெளுத்திருந்தது.

"வேணாம். இதை எடுத்துட்டா அந்த மனுஷன் யாருக்கு வழி காட்டுவாரு?"

டப்பாவை இருந்த பொந்திலேயே செருகினாள். பிறகு யாருமில்லாத தூணைப் பார்த்து, "கால் வலிச்சா செத்த உக்காந்துக்குங்க," என்றாள்.

கொழுந்தன் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினான்.