ஒரு பகல் செவிலியர்

செவிலியர் பட்டம் பெற்ற ஆண்டில், செங்கல்பட்டு முதல் கேளம்பாக்கம் வரை நான் படியேறிய மருத்துவமனைகள் அனைத்தும் முன் அனுபவத்தையே கேட்டன. முதல் வேலையை எவரும் தராதபோது அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? ஆகவே, கேளம்பாக்கத்தின் ஒரு சிறிய மருத்துவமனை மேலாளர், "நாளைக்கே வந்துடும்மா. வெள்ளை யூனிஃபார்ம் போட்டுகினு, ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்டும் எடுத்துகினு வா," என்று தொலைபேசியில் சொன்னபோது, நான் வேறெதுவும் கேட்கவில்லை. நெம்மேலியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டதாக எங்கள் தெரு முழுவதும் அம்மா சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் என்னை மாடியில், ஆண்கள் வார்டில் நிறுத்தினார்கள். ஜன்னலோரக் கட்டிலில் காய்ச்சலோடு ஒரு கொத்தனார். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கை முழங்கை வரை வீங்கியிருந்தது. ஊசி நரம்பைவிட்டு விலகி, மருந்து சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"காலையிலேந்து சொல்லிகினு கீறேன், ஒருத்தரும் காதுல வாங்கல," என்றார் அவர் மனைவி.

ட்ரிப்ஸை நிறுத்தினேன். பணி மருத்துவரிடம் சொல்லிவிட்டு மறு கையில் புதிதாக ஊசி போட்டேன்.

"ராவுக்கும் நீதானா கண்ணு?"

"இல்லம்மா, நாளைக்குக் காலையில வந்துடுவேன்."

மதியம், பதிவு பெற்ற செவிலியர் இருக்கிறார்களா என்று பார்க்க அரசு ஆய்வுக் குழு வந்தது. என் பதிவுச் சான்றிதழைப் பார்த்தது, சென்றது. அவர்கள் வண்டி கிளம்பியதும் இளஞ்சிவப்புச் சுடிதார் அணிந்த ஒரு பெண் மாடிக்கு வந்தாள். செவிலியர் படிப்பு இல்லாமல், இங்கேயே பார்த்துப் பழகி ஊசி போடுபவள். அதுவரை அவளை மருந்து வைக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்களாம்.

"கிளம்புங்கக்கா, இனிமே நான் பாத்துக்கறேன்."

"எனக்கு ராத்திரி வரைக்கும் ட்யூட்டி இருக்கே?"

அவள் சிரித்துவிட்டாள். "இன்ஸ்பெக்ஷனுக்குத்தான் கூப்ட்டாங்க. மேனேஜர் சொல்லலியா? போன தடவ வந்த அக்காவும் இப்டித்தான் முழிச்சினு நின்னாங்க."

கீழே போய்க் கேட்டபோது மேலாளர் மறுக்கவில்லை. "வேகன்சி வந்தா மொதல்ல உனக்குத்தாம்மா," என்றார்.

புகார் செய்வதா என்று படிக்கட்டில் நின்று யோசித்தேன். செய்தால் முதலில் வெளியேற்றப்படுபவள் அந்தப் பெண்ணாகத்தான் இருப்பாள், மேலாளராக அல்ல. செய்யாவிட்டால் கொத்தனாரின் மற்றொரு கையும் வீங்கலாம். திரும்பிச் சென்று, வீக்கம் தெரிந்தால் உடனே ட்ரிப்ஸை மூடிவிடும்படி அவளிடம் சொன்னேன்.

"இத்தினி பேரு கீறாங்க, நான் ஒருத்தி," என்றாள். "பாக்கறேன்க்கா."

கீழே டீக்கடையில் கொத்தனாரின் மனைவி பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "எங்க நர்ஸம்மாக்கு ஒரு டீ போடு அண்ணாத்த," என்று கடைக்காரரிடம் குரல் கொடுத்தார். வேண்டாம் என்பதற்குள் டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது.

"காலையில எத்தினி மணிக்கு வருவே?" என்று கேட்டார்.