சந்தனத்துக்கு அடியில் படை

அரிப்பு நின்ற மறுநாளே மருந்தை நிறுத்துகிற முட்டாள் நான். ஒரு தடவை செய்தால் மறதி என்று விட்டுவிடலாம். நான் அதை ஒரு தொழிலாகவே நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு முன்கையிலும் வட்டவட்டமாகப் படை. "அரிப்பு போனாலும் ஒரு மாசம் விடாம தடவணும், ஓய்!" என்று மயிலாப்பூர் டாக்டர் என் மனைவியின் எதிரிலேயே படித்துப் படித்துச் சொன்னார். அவருடைய களிம்பு பட்ட வேஷ்டியெல்லாம் கறை. அதனால் தினவு அடங்கியதும் டப்பாவைப் பரணில் போட்டுவிட்டு, பிரசவத்துக்காக மாம்பலத்தில் பிறந்தகத்தில் இருந்த மனைவிக்கு, "பூரண குணம்" என்று சொல்லியனுப்பினேன்.

பெண் குழந்தை பிறந்தது. புண்ணியாகவாசனத்தன்று அதை மடியில் வாங்கி, காதில் பேர் சொல்ல வேண்டியவன் தகப்பன். அந்த வாரம் பார்த்துப் படை திரும்பி வந்தது, பெரிய குடும்பமாக.

சட்டையால் மறைக்க வழியில்லை. வெற்றுடம்போடுதான் உட்கார வேண்டும். மாம்பலம் போனதும் கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்து, முழங்கை முதல் மணிக்கட்டு வரை அப்பிக்கொண்டேன்.

"மாப்பிள்ளைக்கு என்ன ஆசாரம் பாத்தேளா!" என்று மாமனார் பூரித்துப் போனார்.

ஹோமப் புகை, வைகாசி வெயில். சந்தனம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. அடியில் வியர்வை, அதற்கும் அடியில் எறும்புப் படையே ஊர்ந்தது. சொறிந்தால் குட்டு உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு மந்திரம் சொன்னேன். என் குரல் நடுங்கியதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

மாமியார் குழந்தையைக் கொண்டுவந்தாள். பாலேடு மாதிரித் தோல்.

"மடியில வாங்கிக்கும், ஓய்" என்றார் ஹோமம் பண்ணிவைத்த வாத்தியார்.

கையை நீட்டினேன். சந்தனத்தில் ஒரு பாளம் பெயர்ந்து, குழந்தையைச் சுற்றியிருந்த துணியில் விழுந்தது. கையில் அது பெயர்ந்த இடத்தில் சிவப்பு வட்டம். வெடுக்கென்று இரண்டு கையையும் இழுத்து அக்குளில் செருகிக்கொண்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "பொண்ணுன்னா கை நீளாது போலிருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் என் கெட்டிக்காரத்தனம் ஓடவில்லை. மேல்துண்டால் சந்தனத்தை வழித்துவிட்டு, இரண்டு கையையும் சபைக்குக் காட்டினேன்.

"படை. கொழந்தைக்கு ஒட்டிண்டுடும்."

"அப்போ அது ஆசாரம் இல்லையா?" என்றார் மாமனார், பரிதாபமாக.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "கொழந்தையைத் தாயார் மடியில விடுங்கோ. நீர் கையைப் பின்னால கட்டிண்டு, குனிஞ்சு சொல்லும்."

போலீஸில் பிடிபட்டவன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, என் பெண்ணின் காதில் அவள் பேரைச் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள். மூச்சு என் கன்னத்தில் பட்டது. அப்படியே நிமிராமல் மனைவியிடம் மெல்லக் கேட்டேன்:

"நான் எப்போ தூக்கிக்கலாம்?"

"அரிப்பு நின்னு ஒரு மாசம் கழிச்சு."